பெரியப்பாவுக்குக் கால் முடியாது

எங்கள் ஊரில், நடக்க முடியாதவர்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் யார் வேண்டுமானாலும் காரை நிறுத்தலாம். வீட்டில் கால் முடியாத ஒருவர் இருக்கிறார் என்று காவலாளியிடம் சொன்னால் போதும். சொன்னால், அப்படி ஒருவர் நிஜமாகவே வந்துவிடுவார்.

முதல் தடவை சொல்கிறவர்களுக்கு அன்று சாயங்காலத்துக்குள் வருவார். வீடு திரும்பும்போது கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பார். அடுத்த தடவையிலிருந்து காரின் பின்சீட்டிலேயே இருப்பார். அவரை இறக்கி ஏற்றுவது சிரமம் என்பதால் நாளடைவில் காரிலேயே இருந்துவிடுவார். சாப்பாட்டை ஜன்னல் வழியாகக் கொடுப்பார்கள். யாரும் குறை வைப்பதில்லை.

அநேகமாக எல்லோரும் பெரியப்பாக்கள்தான். அப்பாவுக்குக் கால் முடியாது என்று சொல்ல நாக்கு கூசும். வாய் முகூர்த்தம் பலித்துவிட்டால் என்ன செய்வது? மாமனாருக்கு என்று சொன்னால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி திரும்பிப் பார்ப்பாள். சித்தப்பா என்றால் காவலாளி வயசை யோசிப்பான். பெரியப்பா ஒருவர்தான் யாருக்கும் நஷ்டமில்லாத உறவு.

சொல்லப்பட்டது மட்டுமே அவர்களிடம் இருக்கும். முழங்கால் வீக்கம் என்று சொல்லியிருந்தால் அந்த முழங்கால் நரம்பு நரம்பாகத் தெரியும். தொட்டுப் பார்த்தால் சுடும். முகத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை. அதனால் அது பார்த்து முடிப்பதற்குள் மறந்துபோகும். துணிக்கடை வாசல், பேங்க் வாசல், ஓட்டல் வாசல், எங்கே போனாலும் ஒதுக்கிய இடத்தின் நீலப் பலகைக்குக் கீழே கண்ணாடி ஏற்றிய கார் ஒன்று நிற்கும். உள்ளே ஒரு பெரியவர் நேராக முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். தட்டினால், "அஞ்சே நிமிசத்துல வந்துருவாங்க" என்பார். போகிறவர்கள் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

எனக்கு நிஜமாகவே கால் முடியாது. குழந்தையில் வந்த காய்ச்சல் வலது காலை அப்படியே விட்டுவிட்டுப் போயிற்று. இரும்புப் பட்டை போட்ட காலும் ஒரு கைத்தடியும் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டருமாகத்தான் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன். பெயர் நாச்சிமுத்து. ஒதுக்கிய இடம் எனக்குக் கிடைத்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். நிஜத்துக்கு வெயில், பொய்க்கு ஏசி. நொண்டிச் சாக்கு என்று எங்கள் பெயரால் ஒன்றை வைத்துக்கொண்டார்கள், அந்தச் சாக்குக்கு இடமும் கொடுத்துவிட்டார்கள். நான் கோபக்காரன்தான். ஆனால் காருக்குள் இருக்கும் பெரியவர்கள் மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. அவர்களுக்கும் கால் முடியாது என்பது உண்மை.

மகள் மைதிலியின் கல்யாணம் பெருந்துறை ரோட்டில் ஒரு மண்டபத்தில் நடந்தது. வாசலில் இரண்டு சிமெண்டு யானைகள், நடுவில் கைப்பிடி இல்லாத உயரமான படிகள். எங்களைப் போன்றவர்களுக்காகப் பக்கவாட்டில் ஒரு சாய்வுப் பாதை போட்டிருந்தார்கள். அது ஒதுக்கிய இடத்தின் சுவரோரமாகத் தொடங்கி மண்டபத்துக்குள் ஏறும். அடியில் ஒரு சக்கர நாற்காலியும் வைத்திருந்தார்கள். முந்தின நாள் அந்த இடம் எனக்குத்தான் கிடைத்தது. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நாற்காலியில் ஏறிப் போனேன். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மைதிலி மருதாணிக் கையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நாளைக்குத் தாரை வாக்கறப்ப என்ற கைய நல்லா இறுக்கிப் புடிச்சுக்கோங்க."

"ஏங் கண்ணு?"

"எனக்குப் பயமா இருக்குதுப்பா."

சரி என்றேன். எங்கள் வழக்கத்தில் பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் வைத்து, அதன் கீழே தகப்பன் கை இருக்க, தாய் செம்பிலிருந்து நீர் வார்ப்பாள். அதற்குப் பிறகுதான் தாலி. தகப்பன் இல்லாத வீட்டில் பெரியப்பா அந்தக் கையைக் கொடுக்கலாம். எந்தக் கை மேல் நீர் விழுகிறதோ அந்தக் கைக்காரரே தகப்பன் என்று கணக்கு.

விடிந்ததும் பார்த்தால் செம்பைக் காணோம். எங்கள் கல்யாணத்துக்கு நீர் வார்த்த அதே செம்பு, வீட்டு அலமாரியிலேயே இருந்துவிட்டது. ஆளாளுக்கு ஒரு வேலையாக இருந்தார்கள். அலமாரிச் சாவி என் இடுப்பில் இருந்தது. நானே ஸ்கூட்டரில் போய் எடுத்துவந்தேன். வந்து பார்த்தபோது ஒதுக்கிய இடத்தில் ஒரு வெள்ளைக் கார் நின்றது.

சுவரை ஒட்டி, சாய்வுப் பாதையின் வாயை அடைத்து நிறுத்தியிருந்தார்கள். முன்பக்கம் ஒரு பூனை நுழையலாம். இரும்புப் பட்டை போட்ட கால் நுழையாது. பின்சீட்டில், சுவர்ப் பக்கமாக, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் இருந்தார்.

காவலாளி ஆறுச்சாமி ஓடிவந்தார். நல்ல மனிதர், கேள்வி கேட்காமல் யாரையும் விடமாட்டார்.

"கேட்டனுங்க. யாருக்குங்க கால் முடியலைன்னு கேட்டேன். பெரியப்பாவுக்குன்னாரு. இங்க பொண்ணோட அப்பா வருவாருங்க, எடம் வேணுமுங்கன்னு சொன்னேன். அதுக்கு அவரு, எங்க பெரியப்பாதான் பொண்ணைத் தாரை வாத்துக் குடுக்கப் போறாரு, அஞ்சே நிமிசத்துல வந்தர்றேன்னு சொல்லிட்டுப் போயிட்டாருங்க."

"எங்கே போனாரு?"

"எதுத்த மண்டபத்துக்குங்க. அங்கயும் ஒரு கல்யாணம்."

எதிர் மண்டபத்தில் வண்டி நிறுத்த இடம் இல்லையாம். எங்கள் மைக்கில், வெள்ளைக் கார் வைத்திருக்கிறவர் உடனே வந்து வண்டியை எடுக்கவும் என்று மறுபடி மறுபடி சொன்னார்கள். பெண் வீட்டார் அது மாப்பிள்ளை வீட்டுக் கார் என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டைச் சேர்ந்தது என்று நினைத்தார்கள். சாலைக்கு அப்பால், எதிர் மண்டபத்து மேளத்தில், எங்கள் மைக் யார் காதிலும் விழுந்திருக்காது.

படி வழியாக நாலு பேர் என்னைத் தூக்கிப் போயிருக்கலாம். பங்காளிகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரத்தான் செய்தார்கள். பக்கத்தில் வந்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். கல்யாண வீட்டில் பெண்ணின் தகப்பனை நாலு பேராகத் தூக்குவது எப்படி? மனிதனை நாலு பேர் தூக்குவது ஒரு தடவைதான், அதுவும் அவனுக்குத் தெரியாமல். அதை நானே சொன்னேன். அவர்களுக்கு நிம்மதியாகிவிட்டது. வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு பந்திக்குப் போனார்கள்.

மனைவி கோகிலா படியின் மேலே வந்து நின்றாள். பட்டுப்புடவையில் அவளைப் பார்க்க எங்கள் கல்யாணத்து நாள் போலவே இருந்தது.

"ஏனுங்க, செம்பு கெடைச்சுதா?"

"கெடைச்சுது."

"அப்பக் குடுத்தனுப்புங்க. நல்ல நேரம் போகுது."

"நான் வர வேண்டாமா?"

அவள் காரைப் பார்த்தாள். பின்சீட்டில் இருந்தவரையும் பார்த்தாள். "யாராச்சும் ஒருத்தர் கை வேணுமுங்களே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் சொன்னதில் தப்பில்லை. நேரம் யாருக்காகவும் நிற்காது.

காரின் பின்சீட்டு ஜன்னல் கண்ணாடி கொஞ்சம் இறங்கியது. நான் கைத்தடியை ஊன்றிக் குனிந்தேன்.

"கல்யாணம் இதானுங்களா?" என்றார் பெரியவர்.

"இதேதானுங்க."

"நாந்தான் தாரை வாக்கறேன்னு சொல்லியிருக்குது."

"ஆமாங்க. சொல்லிப்போட்டாங்க."

அவர் தலையாட்டினார். இந்தப் பக்கத்துக் கதவுகள் பூட்டியிருந்தன. சுவர்ப் பக்கக் கதவைத் திறந்து, வீங்கிய காலை இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்தார். வலியில் அவர் உதடு துடித்தது. நாற்காலி அங்கேயே இருந்தது. அதில் உட்கார்ந்து மடியைச் சரிசெய்துகொண்டார். காருக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானுமாக இருந்தோம்.

"மேல போனா பேரு கேப்பாங்களே" என்றார்.

"உங்க பேரு என்னங்க?"

"யாரும் சொல்லலைங்க."

"ஊரு?"

"அதுவும் சொல்லலைங்க."

உள்ளே நாதஸ்வரம் ராகத்தை முடித்துக்கொண்டிருந்தது. பெயரில்லாத கையில் நீர் வார்த்தால் அது சடங்காகாது. பெயர் இல்லையென்று மேடையில் தகராறு வந்தால் என் மகள் மாலையும் கழுத்துமாக அத்தனை பேர் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"நாச்சிமுத்துன்னு சொல்லுங்க" என்றேன்.

"நாச்சிமுத்து" என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அவர் வாயில் அது நன்றாகத்தான் இருந்தது.

காரின் முன்பக்க மூடியின் மேலாகச் செம்பை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். என் கைக்குச் செம்பை விட மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் இருவரும் பிடித்தபடியே இருந்தோம்.

"பொண்ணு பயப்படறா. கைய இறுக்கிப் புடிங்க."

"சொல்லிட்டீங்கல்ல. புடிச்சுக்கறனுங்க."

யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் யானையின் காலில் சாய்ந்து நின்றேன். மைக்கில், பெண்ணின் தகப்பனார் பெயர் என்ன என்று கேட்பது காதில் விழுந்தது. நாச்சிமுத்து என்று பதில் வந்தது. அதன் பிறகு நீர் விழும் சத்தம். நீர் விழுவது மைக்கில் கேட்காது என்று சிலர் சொல்லலாம். எனக்குக் கேட்டது. கெட்டிமேளம் முழங்கியபோது நான் அழுதேன். ஆறுச்சாமி திரும்பி நின்றுகொண்டார்.

தாலி கட்டி முடிந்து கொஞ்ச நேரம் கழித்துக் காரின் சொந்தக்காரர் சாலையைக் கடந்து வந்தார். ஈஸ்வரமூர்த்தி என்று பெயர். வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். கையில் தேங்காய்ப் பை. காரைத் திறக்கப் போனவரை ஆறுச்சாமி நிறுத்தினார்.

"பெரியப்பா எங்கீங்க? கூட்டிட்டு வந்தவங்க கூட்டிட்டுப் போகோணுமுங்க. அவரு இல்லாம வண்டிய எப்படி விடறது?"

ஈஸ்வரமூர்த்தி பின்சீட்டைப் பார்த்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார். என் காலைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"இங்க நிக்கறீங்களா? வெயில்ல ஏன் நிக்கறீங்க பெரியப்பா, ஏறுங்க."

கார் நகர்ந்தால் பாதை திறந்துவிடும் என்று எனக்குத் தெரியும். மேலே போகலாம். போய் யார் என்று சொல்வது? உள்ளே ஒரு நாச்சிமுத்து, மகளுக்கும் மருமகனுக்கும் நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு மண்டபத்துக்கு ஒரு நாச்சிமுத்து போதும். ஸ்கூட்டர் சாவியை ஆறுச்சாமியிடம் கொடுத்து, பெண்ணின் அப்பா கீழே வந்தால் கொடுத்துவிடும்படி சொன்னேன். வாங்கிக்கொண்டு, "பாத்துப் போங்க பெரியப்பா" என்றார்.

ஈஸ்வரமூர்த்தி கெட்டவர் இல்லை. காரில் எனக்கு ஒரு தலையணை உண்டு. அவர் மனைவி சர்க்கரை போடாத காபி கொடுப்பார். என்றைக்கோ ஒரு மருந்துக்கடை வாசலில் "சுகரும் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டதால் எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஒரு பாத்திரக்கடை வாசலில் "காதும் சரியாக் கேக்காது" என்றார். அன்றிலிருந்து இடது காது கேட்பதில்லை. நான் வலப்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். சொல்லப்படாதவை தாமாகவே குறைந்துவிட்டன. கண்ணாடியில் என் முகத்தைப் பார்ப்பேன். பார்த்து முடிப்பதற்குள் மறந்துபோகும்.

ஒருநாள் நகைக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தோம். கடுமையான வெயில். மைதிலியும் மாப்பிள்ளையும் பைக்கில் வந்து இறங்கினார்கள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். பார்க்க நன்றாக இருந்தது. கடைக்குள் போகப் போனவள் நின்று, திரும்பி, காருக்கு அருகில் வந்தாள். கண்ணாடியைத் தட்டினாள்.

"பெரியப்பா, தண்ணி வேணுங்களா?"

சொல்ல எனக்கு ஆயிரம் இருந்தது. கை இறுக்கிப் பிடித்தாரா என்று மட்டுமாவது கேட்க நினைத்தேன். வாயைத் திறந்தேன்.

"அஞ்சே நிமிசத்துல வந்துருவாங்க" என்றேன்.

"பாவம்" என்று மாப்பிள்ளையிடம் சொன்னாள். தன் தண்ணீர் பாட்டிலைக் காரின் மேல் வைத்துவிட்டுப் போனாள். ஈஸ்வரமூர்த்தி வந்து காரை எடுத்ததும் அது உருண்டு சாலையில் விழுந்தது. பின்கண்ணாடி வழியாக, தெரியும் வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே போனேன்.

அதற்குப் பிறகு நான் ஒன்றைத்தான் எதிர்பார்த்திருந்தேன். ஈஸ்வரமூர்த்தி வாய்க்கு வந்ததைச் சொல்கிறவர். இத்தனை சொல்கிறவர், என்றாவது ஒருநாள், பெரியப்பா தன் மகளைப் பார்க்க வந்திருக்கிறார் என்று சொல்லாமலா போய்விடுவார்?

சொன்னார். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் சொன்னார். அவருக்கு எதிர்க் கடையில் செல்போன் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது. காவலாளி யாருக்கு என்று கேட்டதும், "பெரியப்பாவுக்குங்க. அவரு மகளுக்குக் கொழந்த பொறந்திருக்குது, சேனை வெக்க வந்திருக்காரு. அஞ்சே நிமிசம்" என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனார்.

சேனை வைப்பது என்றால் பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரின் முதல் துளியை வைப்பது. வைக்கிறவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பதால் ஆள் பார்த்துத்தான் வைக்கச் சொல்வார்கள். நான் கதவைத் திறந்தேன். திறந்தது. அங்கேயும் ஒரு சாய்வுப் பாதை இருந்தது, அடியில் ஒரு நாற்காலி இருந்தது.

நாற்காலியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் காருக்கு அந்தப் பக்கம் ஒருவர் நிற்பதைப் பார்த்தேன். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர், அக்குளில் கட்டை. கையில் மூடி போட்ட ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணம். வெயிலில் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது.

"மேல போறீங்களா?" என்றார்.

"ஆமாங்க. சேனை வெக்கறேன்னு சொல்லியிருக்குது."

அவர் காரைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார். மாடி ஜன்னலிலிருந்து ஒரு பெண், "அப்பா வந்துட்டாங்களா பாரு, புள்ள அழுகுது" என்று யாரிடமோ சொல்வது கேட்டது.

"பேரு கேப்பாங்க" என்றேன்.

"மாரண்ணன்னு சொல்லுங்க." கிண்ணத்தை நீட்டினார். என் கைக்கு வந்த பிறகும் அவர் கை அதை விடவில்லை. "கழுத்து இன்னும் நிக்காதுங்க. தலைக்குக் கீழ கை குடுத்துத் தூக்குங்க."

"சொல்லிட்டீங்கல்ல. பாத்துக்கறனுங்க."

அவர் விட்டார். நான் மேலே போனேன்.

அறையில் மைதிலி இல்லை. வேறு ஒரு பெண் கட்டிலில் படுத்திருந்தாள். வெளுத்த முகம், மைதிலியை விடச் சின்ன வயசு. என்னைப் பார்த்ததும் அவள் கண் நிறைந்துவிட்டது. "ஏம்ப்பா இவ்வளவு நேரம்?" என்றாள்.

"வண்டி நிறுத்த எடமில்லை, கண்ணு."

குழந்தையை என் மடியில் வைத்தார்கள். தலைக்குக் கீழே கை கொடுத்தேன். கீழே ஆஸ்பத்திரிக் காவலாளியின் குரல், பெரியப்பா இல்லாமல் வண்டியை விடமுடியாது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது. கதவு சாத்தும் சத்தமும் கார் கிளம்பும் சத்தமும் கேட்டன. இரண்டு காதிலும் கேட்டன. சர்க்கரைத் தண்ணீரில் விரலைத் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைத்தேன்.

அது சப்பிப் பார்த்தது. அழுகையை நிறுத்தியது. நேராக முன்னால் பார்த்து, "அஞ்சே நிமிசத்துல வந்துருவாங்க" என்றது.

"பாருங்க, அப்படியே தாத்தாவை உரிச்சு வெச்சிருக்குது" என்றாள் சம்பந்தியம்மா.